பிளஸ் டூ படிக்கும் பெண்ணின் வீடு

புதுக்கோட்டைச் சீமையில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் பெண் இருக்கிற வீட்டுக்கு, ஜூன் மாதத்தில் பள்ளிக்கூடம் திறந்த நாள் தொட்டு மார்ச் மாதத்தில் கடைசிப் பரீட்சை முடிகிற நாள்வரை, அண்டை அயலாரும் உற்றார் உறவினரும் ஒரு தனி அந்தஸ்தைத் தாமாகவே கொடுத்துவிடுகிறார்கள். காதுகுத்துக்கோ வளைகாப்புக்கோ குடும்பத்தோடு வராமல் தகப்பனார் மாத்திரம் வந்து மொய் எழுதிவிட்டுத் திரும்பினால், வேறு வருஷமாக இருந்தால் அது மனஸ்தாபத்துக்கு இடமாகியிருக்கும். ஆனால் ‘பிள்ளை பிளஸ் டூ’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அந்த வருஷத்துக்கு அது எல்லோரும் ஒப்புக்கொள்கிற நியாயமாகிவிடுகிறது. இப்படி ஊரே விட்டுக்கொடுக்கிற ஓராண்டுக் காலத்தில் பெற்றோர் நாள்தோறும் செய்கிற காரியங்கள் எவை, அவற்றில் பெண்ணுக்கு உண்மையான பிரயோஜனம் தருவது எது என்பதை, இந்த ஊரிலேயே வளர்ந்து, மூத்த மகளுக்கு அந்த வருஷத்தைக் கடத்திவிட்ட தகப்பன் என்ற ஒரே உரிமையைக் கொண்டு எழுதத் துணிகிறேன்.

அந்த வருஷத்தின் பூர்வோத்தரத்தை முதலில் சொல்லியாகவேண்டும். 1978ஆம் ஆண்டுவரை தமிழ்நாட்டில் பள்ளிப் படிப்பு, பதினோராம் வகுப்பாகிய எஸ்.எஸ்.எல்.சி.யோடு முடிந்துவிடும், அதற்குமேல் படிக்க விரும்புகிறவர்கள் ஏதேனும் ஒரு கல்லூரியில் பி.யு.சி. என்னும் புகுமுக வகுப்பில் சேரவேண்டும். கல்லூரி என்பது பெரும்பாலான கிராமங்களுக்கு எட்டாத தூரத்தில் இருந்த அக்காலத்தில், பதினாறு பிராயத்துப் பெண்ணை அயலூருக்கு அனுப்பிவைக்கும் தைரியம் பல குடும்பங்களுக்கு வராமையால், எத்தனையோ பெண்களின் படிப்பு எஸ்.எஸ்.எல்.சி. புத்தகங்களோடு சேர்ந்து பரணில் ஏறிவிட்டது. 1978இல் மேல்நிலைக் கல்வி ஏற்பட்டு, அந்தப் படிப்பு பள்ளிக்கூடத்துக்குள்ளேயே வந்து சேர்ந்து, 1980இல் முதலாவது பிளஸ் டூ பொதுத் தேர்வும் நடந்தபோது, பாடத்திட்டம் மாறியது என்றுதான் அநேகர் எண்ணினார்கள். பெண்ணைப் பெற்றவர்கள் அவளுடைய வருங்காலத்தைப் பற்றி நிதானமாக யோசிப்பதற்கு அவகாசம் கிடைத்ததே அந்த மாறுதலின் பெரிய பலன் என்பது என் அபிப்பிராயம்.

இனி அன்றாட வாழ்க்கைக்கு வருவோம். விடியற்காலை நாலரை மணிக்குத் தாயார் எழுந்து, பெண்ணையும் எழுப்பி, ‘இன்னும் அஞ்சு நிமிஷம்மா’ என்று அவள் திரும்பிப் படுத்துக்கொள்வதைக் கண்டும் காணாமல் அடுக்களைக்குப் போய், இஞ்சி தட்டிப் போட்ட தேநீரோடு திரும்பி வந்து, அவள் புத்தகத்தைப் பிரித்த பிறகும் அந்த இடத்தை விட்டு நகராமல், முருங்கைக் கீரையையோ கொத்தவரங்காயையோ முறத்தில் போட்டு ஆய்ந்துகொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் உட்கார்ந்திருப்பது கண்காணிப்பதற்காக அன்று. தனியாக விட்டால் பிள்ளைக்குக் கண் சொக்கும் என்பதும், பக்கத்தில் ஓர் ஆள் விழித்திருந்தால் தூக்கம் தானாகக் கலையும் என்பதும் அவளுக்குத் தெரியும். திருப்புதல் தேர்வுகள் நெருங்கியதும் புத்தகம் தாயாரின் கைக்கு வந்துவிடும். ஒவ்வொரு பாடத்தின் பின்னாலும் இருக்கிற ஒரு மதிப்பெண் வினாக்களை அவள் எழுத்துக்கூட்டி வாசிக்க, பெண் கண்ணை மூடிக்கொண்டு ‘இ’ என்றோ ‘ஆ’ என்றோ விடை சொல்ல, பென்சிலால் முன்பே குறித்துவைத்த எழுத்தோடு தாயார் அதை ஒத்துப்பார்த்து, சரியானால் தலையை மட்டும் அசைத்து அடுத்த வினாவுக்குப் போகிறாள். விலங்கியலில் ஒரு வரியின் அர்த்தமும் அவளுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆயினும் ஒரு பாடத்தின் வினாக்கள் அத்தனையும் அவள் வாயால் கேட்கப்பட்டு மகளுக்கு மனப்பாடமாவதை நான் எங்கள் வீட்டில் கண்ணாரக் கண்டிருக்கிறேன்.

எல்லா வீடுகளிலும் விடியற்காலை இப்படி ஓய்வாக வாய்ப்பதில்லை. கீரமங்கலத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் மல்லிகையும் முல்லையும் பறிக்கிற வேலை சூரியோதயத்துக்கு முன்பே ஆரம்பித்துவிடுகிறது. அரும்பு மலர்வதற்குள் பறித்துச் சந்தைக்கு அனுப்பவேண்டிய அவசரத்தில், வீட்டுப் பிள்ளைகளின் கையும் அந்த வேலைக்குத் தேவைப்படுகிறது. தஞ்சாவூர்ச் சாலையில் ஆதனக்கோட்டையைக் கடந்து போகிறவர்கள், சாலையோரத்தில் முந்திரிக்கொட்டையை வறுத்து உடைத்து விற்கும் பெண்களைப் பார்த்திருப்பார்கள். இப்படிப்பட்ட வீடுகளில், ‘இந்த வருஷம் நீ தோட்டத்துக்கு வரவேண்டாம், படி’ என்று ஒரு தாய் சொல்லுகிறாளென்றால், இரண்டு கைகள் செய்கிற வேலையைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டு, குடும்ப வரும்படியிலும் ஒரு பங்கைக் குறைத்துக்கொள்கிறாள் என்று பொருள். டியூஷனுக்கு ஆயிரக்கணக்கில் கட்டுகிற தகப்பனாரின் செலவு கணக்கில் ஏறுகிறது. இந்தத் தாயின் செலவை எவரும் கணக்கில் எழுதுவதில்லை.

ஆகாரத்தையும் நித்திரையையும் பற்றி அதிகம் விவரிக்க வேண்டியதில்லை. காலைப் பலகாரத்தைத் தவிர்க்கவிடாமலும், இரவு பதினொரு மணிக்குமேல் விழித்திருக்கவிடாமலும் பார்த்துக்கொண்டாலே பாதிக் கஷ்டம் தீரும். தொலைக்காட்சியை வருஷம் முழுவதும் துணி போட்டு மூடிவைக்கிற வீடுகளை அறிவேன். அதனால் பெண் அதிகமாகப் படித்தாள் என்று சொல்லக் கேட்டதில்லை. தாத்தாவும் பாட்டியும்தான் முகம் வாடியிருந்தார்கள். சாப்பிடும் அரைமணி நேரத்திலாவது மதிப்பெண்ணைப் பற்றிய பிரஸ்தாபம் இல்லாமல், பக்கத்து வீட்டுப் பசு கன்று ஈன்றதையும் அத்தை வீட்டு வழக்கையும் பேசுகிற குடும்பத்தில், பெண் இன்னொரு கவளம் சோறு சாப்பிடுகிறாள் என்பதை மட்டும் நிச்சயமாகச் சொல்வேன்.

தகப்பனாருக்கு அந்த வருஷத்தில் வாய்க்கிற முக்கியமான உத்தியோகம் காத்திருப்பது. சாயங்கால ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து, டியூஷனும் முடிந்து, டவுன் பஸ்ஸிலோ சைக்கிளிலோ பெண் திரும்புகிற எட்டு மணி வேளையில், தெருமுனையிலும் பஸ் நிறுத்தத்திலும் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு நிற்கிற தகப்பன்மார்களை ஊர்தோறும் காணலாம். அந்தச் சைக்கிளைப் பற்றி நான் சற்று அதிகமாகவே பேச விரும்புகிறேன்; ஏனெனில் பெண்கள் சைக்கிள் ஓட்டுகிற விஷயத்தில் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு ஒரு தனிச் சரித்திரம் உண்டு.

1991ஆம் ஆண்டில் இங்கே அறிவொளி இயக்கம் ஆரம்பமானபோது, மாவட்ட ஆட்சித் தலைவராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்கள், பெண்களுக்கு எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டும் பயிற்சியையும் சேர்த்துக் கொடுக்கவேண்டும் என்று தீர்மானித்தார்கள். கல்குவாரியில் ஜல்லி உடைத்தவர்களும், வயலில் நாற்று நட்டவர்களும், அங்கன்வாடி ஊழியர்களும், ஆசிரியைகளுமாக, பொட்டல் வெளிகளிலும் பள்ளி மைதானங்களிலும் பெண்கள் கூட்டங்கூட்டமாகச் சைக்கிள் பழகினார்கள். அவ்வாறு பழகிய கிராமத்துப் பெண்களின் தொகை ஒரு லட்சத்துக்கும் மேல் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். பெண்களுக்கான சைக்கிள் கடைகளில் கிடைக்காமல் போகவே, ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே அவர்கள் வாங்கினார்கள். முன்னால் குறுக்கே ஓடுகிற கம்பியில் குழந்தையை உட்காரவைத்துக்கொள்ளலாம் என்ற வசதியைக் கண்டு, அதுவே மேலென்று விரும்பி வாங்கியவர்களும் உண்டு. குடத்தையும் விறகையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு, பஸ்ஸுக்கும் புருஷனுக்கும் காத்திராமல், தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொண்டு வீடு திரும்புகிற பெண் என்பவள், அதற்குமுன் எங்கள் கிராமங்களில் காணாத காட்சியாக இருந்தாள்.

அந்தத் தலைமுறைப் பெண்கள் இன்று அப்பாயிகளாகவும் அம்மாயிகளாகவும் இருக்கிறார்கள். 2001இல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, 2005 முதல் எல்லா வகுப்பு மாணவ மாணவியருக்கும் விரிந்த அரசின் இலவசச் சைக்கிள், இன்று பதினோராம் வகுப்புப் பெண்ணின் கைக்கு வரும்போது, அதை ஓட்டலாமா கூடாதா என்ற தர்க்கம் இந்த மாவட்டத்து வீடுகளில் எழுவதில்லை. பெண் சைக்கிளை வீட்டுக்கு உருட்டிக்கொண்டு வந்த அன்றே, காற்று சரியாக இருக்கிறதா என்று முன்சக்கரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, பிரேக் கட்டையைச் சரிபார்த்து, ‘பெல்லு சத்தம் பத்தாது, மாத்தச் சொல்லுத்தா’ என்று புத்தி சொல்கிறவள் அப்பாயி.

இவ்வளவு துணையிருந்தும் அந்த வருஷத்தில் பெண்ணின் மனத்தை அரிக்கிற கவலை ஒன்று உண்டு. அது பௌதிகமோ ரசாயனமோ அன்று. தை மாதம் பிறந்ததும் வீட்டுக்கு வருகிற அத்தைமார்களும் பெரியம்மாமார்களும், பெண் உள்ளே படித்துக்கொண்டிருப்பதை அறிந்தும், ‘அப்புறம், மேக்கொண்டு என்ன யோசனை? நல்ல இடம் ஒண்ணு இருக்கு’ என்று கூடத்தில் உட்கார்ந்து ஆரம்பிக்கிற பேச்சு, ஒரு கதவைத் தாண்டி அவள் காதில் விழாமல் இருக்குமா? பதினெட்டு வயது நிரம்பாத பெண்ணுக்கு விவாகம் செய்வது சட்ட விரோதம் என்பது எல்லோரும் அறிந்தது; இருந்தும், பதினெட்டு நிரம்பியவுடன் என்று நாள் பார்க்கிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். பரீட்சை முடிந்தபின் தனக்கு என்ன நேரும் என்று தெரியாத பெண்ணிடம், பரீட்சைக்காக உயிரைக் கொடுத்துப் படி என்று எந்த நியாயத்தைக் கொண்டு சொல்வது?

இந்தக் கேள்விக்கு விடை தேட நான் வெகு தூரம் போகவேண்டியதில்லை. இதே புதுக்கோட்டையில், சமஸ்தான காலத்தில், 1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் தேதி பிறந்த முத்துலட்சுமி என்னும் பெண்ணின் வீட்டில், இதே சம்பாஷணை நடந்திருக்கிறது. தந்தையார் நாராயணசாமி ஐயர் மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். தாயார் சந்திரம்மாள் இசைவேளாளர் மரபில் வந்தவர். பெண் பருவமடைந்ததும் பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. பாடம் வீட்டிலேயே நடந்தது. மகளுக்கு ஒரு வரனைப் பார்த்து முடித்துவிட வேண்டுமென்று தாயார் விரும்ப, மகளோ மேலும் படிப்பதிலேயே நாட்டம் கொண்டிருந்தார். தந்தையார் மகளின் பக்கம் நின்றார். 1902இல் மெட்ரிகுலேஷன் பரீட்சையில் தேறிய அந்தப் பெண், ஆண்கள் மட்டுமே படித்துவந்த மகாராஜா கல்லூரியில் இடம் கேட்டபோது, பெண் ஒருத்தி வந்தால் மாணவர்களின் ஒழுங்கு கெடும் என்றும், அவருடைய தாயின் குலத்தைச் சுட்டியும் ஆட்சேபங்கள் கிளம்பின. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவற்றைப் புறக்கணித்துப் பிரவேச அனுமதி அளித்தார். அங்கிருந்து 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போய், 1912இல் பட்டம் பெற்று, பிற்காலத்தில் சட்டசபையில் அமர்ந்து, 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தோன்றக் காரணமாக இருந்த முத்துலட்சுமி ரெட்டி அவரே.

இந்தச் சரித்திரத்தைச் சொல்லுகிறவர்கள் தந்தையைப் புகழ்ந்துவிட்டுத் தாயைச் சற்றுக் குறைவாகப் பேசிவிடுவது வழக்கம். சந்திரம்மாளை நான் குறை கூறமாட்டேன். தாம் பிறந்த குலத்தின் காரணமாகவே உலகத்தின் அவமதிப்பை அனுபவித்த ஒரு தாய், மகளுக்கு மதிப்பான ஒரு கிருகஸ்த வாழ்க்கையை அமைத்துக் கொடுத்துவிட்டால் அந்த அவமதிப்பு அவளைத் தொடராது என்று எண்ணியிருந்தால், அது பாசத்தால் விளைந்த பயமே. இன்றும் சம்பந்தம் பேசுகிற தாய்மார்கள் பலரிடம் இருப்பது அந்தப் பயந்தான். அதைப் பரிகாசம் செய்தால் போகாது; பெண்ணுக்குப் படிப்பும் ஒரு பாதுகாப்பு என்று அவர்கள் கண்ணால் கண்டு நம்பும்படி செய்தால் போகும்.

அரசாங்கமே இந்த விஷயத்தில் மனம் மாறிய வரலாறு ஒன்று உண்டு. ஏழைப் பெண்களின் விவாகத்துக்கு உதவும்பொருட்டு 1989இல் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரால் ஏற்பட்ட நிதியுதவித் திட்டம், பிற்காலத்தில் தாலிக்குத் தங்கமும் கொடுத்து வந்தது. 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் தேதி அது உயர்கல்வி உறுதித் திட்டமாக, ‘புதுமைப் பெண்’ என்ற பெயரோடு உருமாறியது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண், கல்லூரியில் சேர்ந்தால், படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் அவள் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கே வருகிறது. தேவதாசி முறையை ஒழிக்க முத்துலட்சுமி ரெட்டியைப் போலவே போராடிய ராமாமிர்தம் அம்மையாரின் பெயருக்கு இதைவிடப் பொருத்தமான காணிக்கை இருக்கமுடியாது.

ஆகையால், பிளஸ் டூ பெண்ணைப் பெற்றவர்களிடம் நான் வற்புறுத்திச் சொல்வது ஒன்றே. மதிப்பெண் வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிற முடிவை, பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதத்திலேயே எடுத்து, பெண்ணிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். ‘மார்க்கு எம்புட்டு வந்தாலும் நீ காலேசுக்குப் போறது போறதுதான், ஆத்தா’ என்று எங்கள் தெருவில் கூலி வேலை செய்கிற ஒரு தாய் சொன்னதை நான் கேட்டேன். அந்த வார்த்தையைப் பெற்ற பெண், எந்தக் கதவுக்கு அப்பால் எந்தப் பேச்சு நடந்தாலும் புத்தகத்தைவிட்டுக் காதைத் திருப்பவேண்டிய அவசியம் இல்லாதவளாகிவிடுகிறாள்.

வருஷம் எப்போதும் நாம் போட்ட திட்டப்படி நடந்துவிடாது என்பதை இந்த மாவட்டம் நன்றாக அறியும். 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி விடியற்காலையில் கரையேறிய கஜா புயல், ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கத்துத் தென்னந்தோப்புகளையும் பலா மரங்களையும் ஒரே இரவில் சாய்த்துவிட்டுப் போனது. பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. 600 மதிப்பெண் முறையில் முதன்முதலாகப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதவேண்டியிருந்த பிள்ளைகள், ஓடு பறந்த வீடுகளில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் படித்தார்கள். மகளின் கல்லூரிச் செலவுக்கென்று ஒரு தகப்பன் மனத்துக்குள் ஒதுக்கிவைத்திருந்த வருமானம் அந்தத் தென்னைகளில்தான் இருந்தது. புதிதாக வைத்த கன்று காய்ப்பதற்கு ஐந்தாறு வருஷம் ஆகும், பெண்ணுக்கோ ஐந்தாறு மாதத்தில் கல்லூரி திறந்துவிடும். அவ்வருஷத்தில் கடன் வாங்கியாவது பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்பிய குடும்பங்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது. பிறகு 2021இல் கொரோனாவினால் தேர்வே ரத்தாகி, பத்தாம் வகுப்பு, பதினோராம் வகுப்பு மதிப்பெண்களையும் கூட்டிக் கணக்குப் பார்த்துத் தேர்ச்சி வழங்கிய வருஷமும் வந்து போயிற்று.

பரீட்சை வருகிற மார்ச் மாதம் எங்களுக்கு மாசியும் பங்குனியும் கூடுகிற திருவிழாக் காலம். திருவப்பூர் முத்துமாரியம்மனுக்குப் பூச்சொரிதல், அதையடுத்துக் காப்புக்கட்டு, தேர், பிறகு நார்த்தாமலையில் பூச்சொரிதல் என்று, இரவெல்லாம் மேளமும் ஒலிபெருக்கியும் ஊரை எழுப்பிக்கொண்டிருக்கும். அம்மனுக்குப் பூத்தட்டு எடுப்பதையும் விடமுடியாது, பிள்ளையின் தூக்கத்தையும் கெடுக்கமுடியாது என்று தவிக்கிற வீடுகள், பெண்ணைச் சில நாட்களுக்குச் சித்தி வீட்டிலோ மாமா வீட்டிலோ விட்டுவைப்பதுண்டு. பூத்தட்டு போகிற அந்த ஒரு மணி நேரம் பெண்ணையும் வாசலில் நின்று பார்க்கவிடுவதே நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. சிறு பிராயம் முதல் வருஷந்தவறாமல் பார்த்த உற்சவத்தை இந்த ஒரு வருஷம் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு கேட்கச் செய்வது, அவளுக்கு அச்சத்தையே வளர்க்கும்.

பரீட்சை நாளன்று காரியங்கள் ஒரு கிரமப்படி நடக்கின்றன. ஹால் டிக்கெட், இரண்டு நீலப் பேனா, ஒரு கறுப்புப் பேனா, பென்சில், அளவுகோல், உள்ளே இருப்பது வெளியே தெரிகிற தண்ணீர்ப் பாட்டில் ஆகியவற்றை முதல் நாள் இரவே மேஜைமேல் எடுத்துவைத்திருந்தும், காலையில் தாயார் மறுபடி ஒருமுறை தொட்டுப் பார்க்கிறாள். ஏதாவது ஒன்று கண்ணில் படாவிட்டால், தொலைந்த பொருளை மீட்டுத் தருகிறவளான திருக்கோகர்ணத்து அரைக்காசு அம்மனை அந்த க்ஷணமே வேண்டிக்கொள்கிறாள். பத்து மணிக்கு மணி அடித்ததும் வினாத்தாளை வாசிக்கப் பத்து நிமிஷம், விடைத்தாளின் முகப்பிலுள்ள விவரங்களைச் சரிபார்க்க ஐந்து நிமிஷம், பிறகு மூன்று மணி நேரம் எழுத்து. ஒன்றேகால் மணிக்குப் பெண் வெளியே வந்ததும், ‘எப்படி எழுதினே?’ என்று ஒரு தடவை கேட்கலாம். அதற்குமேல் வினாத்தாளைக் கையில் வாங்கி, எந்தக் கேள்வியை விட்டாய் என்று வாசலிலேயே கணக்குப் பார்க்கிற வழக்கத்தைத் தகப்பன்மார்கள் அவசியம் விட்டுவிட வேண்டும். முடிந்த பரீட்சை முடிந்ததுதான். மறுநாளோ அதற்கு மறுநாளோ இன்னொன்று வரப்போகிறது.

முடிவுகள் மே மாதத்தில் வருகின்றன. 2025இல் மே 8ஆம் தேதி வெளியானபோது, மாநிலம் முழுவதும் தேர்வெழுதிய பெண்களில் நூற்றுக்கு 96.70 பேர் தேறியிருந்தார்கள், ஆண்களில் 93.16 பேர். முதலிடம், இரண்டாமிடம் என்று மாநில அளவில் பெயர் வெளியிடுகிற வழக்கத்தை அரசு 2017இலேயே நிறுத்திவிட்டது. அது மிகவும் போற்றத்தக்க காரியம். ஆனால் உறவினர் வீட்டுத் தொலைபேசிகளில் அந்தத் தரவரிசை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. மருத்துவப் படிப்பை நாடுகிற பெண்ணுக்கு மே மாதத் தொடக்கத்தில் நீட் தேர்வும் இருப்பதால், அவள் வீட்டுக்கு மார்ச் மாதத்தோடு விடுதலை இல்லை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020இல் ஏற்பட்ட ஏழரை சதவீத உள் ஒதுக்கீடு அத்தகைய வீடுகளுக்குப் பெரிய ஊன்றுகோல்.

முடிவு வந்தபின் ஓடுவதற்கென்று சான்றிதழ் வேலைகளை ஒதுக்கிவைக்காமல், வருமானச் சான்றிதழுக்கும் இருப்பிடச் சான்றிதழுக்கும், குடும்பத்தில் எவரும் பட்டம் பெற்றிராவிட்டால் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கும், கூட்டம் குறைவாக இருக்கிற தை மாதத்திலேயே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுவது உத்தமம். உள்ளூரிலேயே மன்னர் கல்லூரியும் அரசு மகளிர் கலைக் கல்லூரியும் இருக்கின்றன. 2017 முதல் முள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. பெண் விரும்பிய படிப்பு திருச்சியிலோ தஞ்சாவூரிலோ கிடைத்து விடுதியில் சேர்க்க நேர்ந்தால், தகப்பனார் மட்டும் போய்ப் பணம் கட்டிவிட்டு வராமல், தாயாரையும் உடன் அழைத்துப்போய், அறையையும் குளியலறையையும் சமையற்கூடத்தையும் அவள் கண்ணாலே பார்க்கச் செய்து, வார்டனிடம் அவளையே பேசவிட்டு, புதுக்கோட்டைக்குக் கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் நின்று ஏறவேண்டும் என்பதைப் பெண்ணும் தெரிந்துகொள்ளும்படி விசாரித்துவிட்டு வரவேண்டும்.